பழையதுக்கென்று பொங்கிய சோறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக யோசித்துவிட்டேன். ஒவ்வொரு மார்கழியிலும் "தை பிறக்கட்டும்" என்பேன். தை பிறந்ததும் வேலை வந்துவிடும். உண்மையைச் சொன்னால் வேலை காரணமில்லை. நான் எட்டாவது வரை படித்தவள். மளிகைச் சீட்டு எழுதுவேன், கோயில் நோட்டீஸ் வாசிப்பேன், அதோடு சரி. அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உண்டு. என் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அம்மா எழுதியதை வாசித்துவிட்டு அந்த வீட்டில் யாராவது அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன செய்வது? அந்த நினைப்பில்தான் பேனாவை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். இப்போது பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பயத்தோடேயே எழுதுகிறேன். ஆண்டாள் தாயார் துணை.

எங்கள் மெஸ், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கேட்டுக்கு எதிரே இருக்கிறது. என் மாமியார் ஆரம்பித்தது. கல்யாணமாகி வந்த மறுவாரமே நான் அந்த அடுப்புக்கு முன்னால் நின்றேன். மில் சங்கு ஊதினால்தான் எங்களுக்குப் பொழுது விடியும். ஷிப்ட் விட்டதும் செட்டியார்பட்டி, சோழபுரம் பக்கத்து ஆட்கள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே வந்து பெஞ்சில் உட்காருவார்கள். சாப்பிட்டு இலையை மடிக்கும்போது ரசத்தில் புளி தூக்கல் என்றோ, கூட்டில் உப்பு முந்தி என்றோ ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். குறை சொல்லாத நாளில், அந்த ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

மாமியாருக்கு ஒரு சட்டம் உண்டு. மிஞ்சிய சோற்றை விலைக்குக் கொடுக்கக் கூடாது. இலையில் விழும் சோற்றில் ஆவி பறக்க வேண்டும். ராத்திரி மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைப்போம். காலையில் நாங்களும், கூடமாட வேலை செய்கிற பெண்களும் அதைத்தான் குடிப்போம். அதற்கு மேலும் இருந்தால் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகும். "ஆறுன அன்னத்தை வித்தா, அன்னலட்சுமி அன்னைக்கே படியிறங்கிருவா" என்பார் மாமியார். அவர் காலமான பிறகும் அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. சுவரில் மாட்டிய அவர் படத்துக்குப் பயந்து இல்லை. எனக்கும் அது சரியென்று பட்டது. எங்கள் மெஸ்ஸுக்கு ஊரில் ஒரு நல்ல பேர் இருந்தது என்றால் இந்த ஒன்றினால்தான். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான்.

மில்லில் வேலை பார்த்த நம்மூர் ஆட்கள் ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனார்கள். அவர்கள் பிள்ளைகள் மில்லுக்கு வரவில்லை. ஒருத்தன் திருப்பூர், ஒருத்தன் பட்டாளம், ஒருத்தி மெட்ராஸில் கம்ப்யூட்டர். வந்து உட்கார்ந்து பஞ்சைத் தின்ன யாருக்கு ஆசை? அந்த இடத்துக்குக் காண்ட்ராக்டர்கள் ஒடிசாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மில்லுக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளில், ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கினார்கள். சங்கு ஊதும், கேட் திறக்கும், கூட்டம் வெளியே வரும். எங்கள் பெஞ்சுகளைப் பார்க்காமலே அந்தப் பக்கம் திரும்பிப் போய்விடும். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருப்பேன்.

ஒரு சித்திரையில் நிலைமை ரொம்ப மோசம். பொங்கியதில் பாதி மாட்டுக்குப் போனது. மாடு மட்டும் நன்றாகப் பெருத்தது.

என் வீட்டுக்காரர் வாயில்லாப் பூச்சி. வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவதுதான் அவர் வேலை. கூப்பிட ஆளில்லாமல் போனதும் மனிதர் உள்ளுக்குள்ளேயே சுருண்டுவிட்டார். அந்தச் சமயத்தில்தான் எங்கள் சம்பந்தி ஒரு யோசனை சொன்னார். அவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்குப் போகிற வழியில் பால்கோவாக் கடை இருக்கிறது. தயிர், வெண்ணெயும் உண்டு. கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். மச்சான் வந்து உட்காரட்டும், மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது, தங்கச்சி இந்த வயதில் எதற்கு அடுப்போடு மல்லுக்கட்ட வேண்டும், மகளோடும் பேரப்பிள்ளையோடும் இருக்கட்டும் என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். அதில் சந்தேகமே இல்லை. எங்கள் மெஸ் இடத்தை வாடகைக்குக் கேட்டு, செல்போன் கடை வைக்கிற ஒருவரும் வந்து போய்க்கொண்டிருந்தார். எல்லாம் கூடிவந்தது போல இருந்தது. வீட்டுக்காரரும் பாதி சரி சொல்லிவிட்டார். ஆடி கழியட்டும், ஆவணியில் ஒரு நல்ல வெள்ளிக்கிழமை பார்த்துப் போய்விடலாம் என்று பேச்சு.

எனக்கு மட்டும் அது இறங்கவில்லை. சம்பந்தி வீட்டு மாடியில் குடியிருந்து, அவர்கள் காப்பி போடும் நேரத்துக்கு நாமும் குடித்து, மகள் முகம் வாடினால் காரணம் கேட்கக்கூட முடியாமல் ஒரு வாழ்க்கை. கடையை மூடுவது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. எத்தனையோ பேர் மூடுகிறார்கள், வேறு தொழிலுக்குப் போகிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். ஆனால் எதிரே மில் ஓடுகிறது, உள்ளே பசியோடு ஆட்கள் வேலை செய்கிறார்கள், நான் அடுப்பை அணைத்துவிட்டு இன்னொருத்தர் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார வேண்டுமா? அதற்கு என் மனசு ஒப்பவில்லை. ஆவணி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் அந்த ஆட்களை என் பெஞ்சில் உட்கார வைக்கிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

வடக்கத்தி ஆட்கள் சப்பாத்தி இல்லாமல் சாப்பிட மாட்டார்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார், மில் வாட்ச்மேன் சொன்னார், எங்கள் சம்பந்தியும் சொன்னார். இது ஊருக்கே தெரிந்த விஷயம், இதில் விசாரிக்க என்ன இருக்கிறது? கோதுமை மாவு மூட்டையாக வாங்கினேன். பலகை, கட்டை வாங்கினேன். செல்லில் பார்த்துத்தான் படித்தேன். முதல் நாள் போட்டது அப்பளம் போல நொறுங்கியது. பத்து நாளில் உப்ப ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு டீச்சரம்மா இந்தியில் ஒரு போர்டு எழுதிக் கொடுத்தார். அதை வாசலில் கட்டிவிட்டு, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, அடுப்பை மூட்டினேன்.

முதல் நாள் சிலர் வந்தார்கள். தலை குனிந்து மரியாதையாகச் சாப்பிட்டார்கள். காசு வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. பிசைந்த மாவை என்ன செய்வது? ராத்திரி எங்கள் இரண்டு பேருக்கும் சப்பாத்திதான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த வீட்டுக்காரர், "ஏட்டி, இன்னும் நாலு நாள் போனா எனக்கே இந்தி வந்துரும் போலிருக்கு" என்றார். அவர் சிரித்து ரொம்ப நாளாகியிருந்ததால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கையெல்லாம் வலி. வைகாசி போய் ஆனியும் போய்விட்டது.

ஒரு நாள் காலை. நைட் ஷிப்ட் விட்டுக் கூட்டம் கலைந்துவிட்டது. நான் அடுக்களை வாசல்படியில் உட்கார்ந்து பழையதைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் வறுத்த மோர்மிளகாயும். அப்போது ஒடிசாக்காரர் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இங்கே வந்து சில வருஷமானதால் கொஞ்சம் தமிழ் பேசுவார். கூட இருக்கிற ஆளுக்கு வயிற்றில் சூடு, மோர் கிடைக்குமா என்று கேட்டார். நான் வட்டிலோடு எழுந்தேன். அவர் மோரை மறந்துவிட்டு வட்டிலையே பார்த்தார்.

"அக்கா, அது தண்ணி சோறா?"

"ஆமாய்யா. நாங்க குடிக்கிற பழையது."

அவர் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஊரிலிருந்து யாரோ சொந்தக்காரர் வந்து நின்றது போல இருந்தது. அவர்கள் ஊரிலும் இதுதானாம். ராத்திரியே சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவார்களாம். அதற்குப் பக்காளா என்று ஏதோ ஒரு பேர் சொன்னார். ராத்திரி முழுக்க மெஷின் சூட்டில் நின்றுவிட்டு வந்தால் உடம்பு கொதிக்கும், இதைக் குடித்தால்தான் தூக்கம் வரும், அறையில் அரிசி பொங்க இடமும் இல்லை நேரமும் இல்லை, ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுப் படுக்கிறோம் என்றார்.

"அப்ப சப்பாத்தி பிடிக்காதா?" என்று கேட்டேன்.

"அக்கா, நாங்க சோறு ஆளு" என்றார். "சப்பாத்தி வேற ஊரு. அந்த போர்டு எழுத்து கூட வேற ஊரு."

மூட்டைக் கோதுமை மாவு கண் முன்னால் வந்து போனது. சிரிப்பதா அழுவதா? நம் ஊருக்கு வடக்கே இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே ஆள், ஒரே சாப்பாடு என்று ஒரு ஊரே சேர்ந்து நினைத்திருக்கிறது. நெல்லு விளைகிற ஊரிலிருந்து வந்தவரிடம் போய்ச் சப்பாத்தியை நீட்டியிருக்கிறேன்.

பானையில் இருந்ததை அவருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, கடைசியில் நீராகாரத்தை வட்டிலோடு தூக்கிக் குடித்தார். எழுந்திருக்கும்போது, அறையில் இருக்கிறவர்களையும் நாளைக்கு அழைத்து வரட்டுமா, காசு கொடுத்துவிடுகிறோம் என்று கேட்டார். காசுக்கு அது கிடையாது என்று மட்டும் சொல்லி, மோரைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று பூராவும் மனசு ஒரு நிலையில் இல்லை. இத்தனை மாதமாகத் தேடியது வாசலுக்கு வந்து கேட்கிறது. கொடுத்தால் மாமியார் சட்டம் போச்சு. பழையதை விற்றவள் என்ற பேர் வரும். கொடுக்காவிட்டால் ஆவணி வெள்ளிக்கிழமை பெட்டி கட்ட வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எங்கம்மா படத்துல இருந்து எறங்கி வந்து அகப்பையாலயே போடுவா" என்றார். சொல்லிவிட்டு அவரும் யோசனையில் விழுந்தார்.

அதற்கடுத்து ஆடி வெள்ளி. எங்கள் தெருக்கோடி மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நானும் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றேன். முன்னால் அம்மன், மஞ்சள் பூசின முகத்தோடு இருக்கிறாள். கூழ் லேசாகப் புளித்து வாசம் வந்தது. அந்த வாசத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. இந்தக் கூழைக் கேப்பை மாவு கரைத்து, நேற்றே காய்ச்சி, ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டுத்தான் அம்மனுக்குப் படைத்திருக்கிறார்கள். இதை யாரும் நேற்று மிஞ்சியது என்று சொல்வதில்லையே. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குகிறோமே. ஏனென்றால் இது இதற்கென்றே காய்ச்சியது. மாமியார் விற்கக் கூடாது என்றது மிச்சத்தை. ஒருத்தர் தின்று கழித்த பானையின் அடியை இன்னொருத்தருக்கு விலைக்குக் கொடுக்காதே என்றார். பழையதுக்கென்றே புதுசாகப் பொங்கினால் அது எப்படி மிச்சமாகும்?

அம்மன் சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். அம்மன் பேசவில்லை. ஆனால் அவள் முன்னால் நிற்கும்போதுதான் எனக்கு அது தோன்றியது. இது மட்டும் நிஜம்.

மறுநாளே புதுப் பானை வாங்கினேன். பழையதுக்குச் சன்ன அரிசி ஆகாது, குழைந்து கரைந்துவிடும். வத்திராயிருப்பிலிருந்து மோட்டாப் புழுங்கலரிசி வரவழைத்தேன். சாயந்திரம் மெஸ் சமையலை முடித்த பிறகு, தனி உலை வைத்து, அந்த அரிசியைப் போட்டு, வடித்து, ஆறவிட்டு, புதுப் பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, வெள்ளைத் துணியால் பானை வாயை வேடு கட்டினேன். விளக்கேற்றிக் கும்பிட்டேன். மெஸ்ஸில் மிஞ்சிய சோறு எப்போதும் போல வேறு சட்டியில் எங்களுக்கு. அந்தப் பானையும் இந்தச் சட்டியும் ஒன்றோடொன்று சேரவே கூடாது என்று வேலை செய்கிற பெண்களிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னேன். இன்று வரை சேர்ந்ததில்லை.

லைன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். காலையில் அந்த ஒடிசாக்காரர் வந்தார், பின்னால் அவர் அறைக்காரர்கள் வந்தார்கள். பெஞ்சு நிறைந்து எத்தனை காலமாயிற்று. ஒருவர் சட்டைப்பையிலிருந்து சின்ன பாட்டிலில் கடுகெண்ணெய் எடுத்தார். அவித்த உருளைக்கிழங்கு இருக்கிறதா என்று கேட்டு, அதை வெங்காயம், மிளகாயோடு பிசைந்து, எண்ணெயை மேலே விட்டுத் தொட்டுக்கொண்டார்கள். ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல மெஸ் முழுக்க ஒரு நெடி. முதலில் எனக்குக் குமட்டியது, ஒளிக்காமல் சொல்கிறேன். இப்போது நானே அந்த எண்ணெயை டின்னாக வாங்கி வைக்கிறேன். அன்று பெஞ்சு முழுக்க நீராகாரம் உறிஞ்சுகிற சத்தம் மட்டும்தான். போகும்போது ஒரே ஒரு ஆள், வெங்காயம் போதவில்லை என்று கையைக் காட்டிக் குறை சொன்னார். அப்பாடா, குறை வந்துவிட்டது, இனி மெஸ் பிழைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர்களே உட்கார்ந்தார்கள். ஆட்டோ ஓட்டுகிற நம்மூர் ஆட்கள் இரண்டு பேர், எங்களுக்குக் கிடையாதா என்று கேட்டு வந்தார்கள்.

அப்புறம்தான் பேச்சு கிளம்பியது. ராத்திரி மிஞ்சுவதையெல்லாம் தண்ணீர் ஊற்றி வடக்கத்தி ஆட்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சு. பாவம் பாஷை தெரியாதவன், எதைக் கொடுத்தாலும் தின்பான் என்று அதற்கு ஒரு வால். மில்லில் ரிட்டயர் ஆன பெரியவர் ஒருவர், எங்கள் மெஸ்ஸில் பல வருஷம் சாப்பிட்டவர், ஒரு நாள் தெருவில் நாலு பேர் கேட்க என்னை நிறுத்தினார்.

"உங்க மாமியா இலையில ஆவி பறந்துச்சு. உங்க காலத்துல ஈ பறக்குதாமே" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் அழுதால் அது உண்மையாகிவிடும். "சாயந்திரம் வாங்க அண்ணாச்சி. உலை கொதிக்கையில ஆவி வரும். வேணுங்கிற அளவு பிடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

மெஸ்ஸுக்கு வந்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அந்த அடுப்பைத் தூக்கச் சொன்னேன். எங்கே என்றார். வாசலுக்கு என்றேன். அன்றிலிருந்து பழையதுக்குப் பொங்குகிற அடுப்பு ரோட்டைப் பார்த்துத்தான் எரிகிறது. மில்லுக்குப் போகிறவர், வருகிறவர், பஸ்ஸில் இருக்கிறவர், எல்லோரும் பார்க்கட்டும். அரிசி களைவதைப் பார்க்கட்டும், வடிப்பதைப் பார்க்கட்டும், பானையில் கொட்டுவதைப் பார்க்கட்டும். அடுத்த வீட்டுத் தெலுங்குக்கார அக்கா வந்து பக்கத்தில் நின்று, எங்கள் வீட்டில் இதைச் சத்தன்னம் என்று சொல்வோம், அதற்கு இவ்வளவு ரகளையா என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அந்தப் பெரியவர் வரவில்லை. ஆவி அது பாட்டுக்குப் போனது.

ஆனால் பேச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் போய்விட்டது. மகள் போனில், அத்தை முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார்கள் அம்மா என்று சொன்னாள். குரல் உடைந்திருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்காரர் கல்லாவில் உட்காருவதாகச் சம்பந்தி குறித்து வைத்திருந்த நாள். நேரில் வந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியும் அனுப்பினார். புதன்கிழமை காலை பானை வேலை முடிந்ததும் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வீட்டுக்காரர் சலவை வேட்டி கட்டியிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது.

முதலில் கோயிலுக்குப் போனேன். தாயார் சன்னதியில் நின்று, நான் ஜெயிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. என் வாய் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள், மகள் அந்த வீட்டில் வாழ வேண்டும் என்று மட்டும் கேட்டேன். துளசி வாங்கி முடிந்துகொண்டு போனோம்.

சம்பந்தி வீட்டில் காப்பி வந்தது. மகள் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றாள். சம்பந்தியம்மா கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"மதினி, தப்பா நினைக்காதீக. பழையத வித்துப் பிழைக்கிற வீட்லயா பொண்ணு எடுத்தீகன்னு எங்க சொந்தத்துல கேக்காக. எங்களுக்கும் நாலு பேரு முன்னால தலை நிமிரணும்ல."

தாயார் என் வாயைக் கொஞ்சம் பிடித்திருப்பாள், முழுக்கப் பிடித்துவைக்கவில்லை. நான் கேட்டேன்: "மதினி, உங்க கடையில தயிர் விக்கிறீகளே, அது என்னைக்குப் பாலு?"

"முத நா ராத்திரி உறை ஊத்துனது."

"அப்ப நேத்துப் பாலுதான. அதை ஏன் பழைய பாலுன்னு யாரும் சொல்லல? நீங்க தயிருக்குன்னு எடுத்து வச்ச பாலு அது. வித்து மிஞ்சுன பாலு இல்ல. நான் பொங்குறதும் அப்படித்தான். அதுக்குன்னு அரிசி, அதுக்குன்னு உலை, அதுக்குன்னு பானை. ரோட்டுல வச்சுப் பொங்குறேன். மிச்சம்னு சொல்றவுக ஒருத்தர வந்து பாக்கச் சொல்லுங்க. நீங்களே வாங்க."

அடுக்களைப் பக்கம் பார்த்தேன். மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அப்போது தெரியவில்லை. பிறகு கேட்டால், ரெண்டும்தான் என்றாள்.

சம்பந்தி நல்ல மனிதர். சண்டை வேண்டாம் என்று பேச்சை மாற்றினார். "அதெல்லாம் விடுங்க தங்கச்சி. மச்சான் வெள்ளிக்கெழம இங்க வந்து உக்காந்துட்டா பேச்சு தன்னால அடங்கிரும். என்ன மச்சான்?" என்றார்.

எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் டம்ளரை அண்ணாந்து, அடியில் இருந்த கடைசிச் சொட்டு வரை குடித்தார். தரையில் வைத்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"மச்சான், சாயந்திரம் உலை வைக்கணும். இப்ப விட்டா பஸ்ஸு கூட்டமாயிரும்."

"சரி, இன்னைக்குப் போங்க. வெள்ளிக்கெழம?"

"வெள்ளிக்கெழமயும் உலை வைக்கணும்."

அவ்வளவுதான் அவர் பேசியது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் பேசியதிலேயே பெரிய பேச்சு அதுதான். நான் மகள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அவர் பின்னால் இறங்கினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. சாயந்திரம் வாசலில் உலை வைத்தோம். செல்போன் கடைக்காரருக்கு இடம் இல்லை என்று வீட்டுக்காரரே சொல்லி அனுப்பினார்.

அந்த வீட்டில் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை, பொங்கலுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மா வாசல் அடுப்பருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். அது எனக்குப் போதும். மகள் நன்றாக இருக்கிறாள்.

இந்த ஆட்களும் நாளைக்கு வேறு ஊருக்குப் போகலாம். மில்லில் ஆளே வேண்டாத மெஷின் வரப்போகிறது என்றும் சொல்கிறார்கள். வரட்டும். அப்போது வாசலில் யார் பசியோடு நிற்கிறார்களோ, உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று முதலில் அவர்களிடமே கேட்டுவிட்டுத்தான் அரிசி களைவேன். என்றைக்காவது மூட வேண்டி வந்தால் நானே மூடுவேன். ஊர்ப் பேச்சு வந்து என் அடுப்பை அணைக்க விட மாட்டேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை இப்போது ரெண்டு விதமாக நடமாடுகிறது. மிச்சச் சோற்றை விற்றுக் காசு பார்த்தவள் என்று ஒரு கதை. ஊர்விட்டு ஊர் வந்த ஏழைகளுக்கு அன்னதானம் செய்கிற புண்ணியவதி, அம்மனே கனவில் வந்து சொன்னாள் என்று இன்னொரு கதை. முதலாவது பொய். இரண்டாவதும் பொய்தான், கேட்க இனிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அம்மன் கனவில் வரவில்லை. நான் தானம் செய்யவில்லை. அவர்கள் உழைத்த காசுக்கு நான் பொங்கிப் போட்டேன், அவர்கள் சாப்பிட்டார்கள். இரண்டு பக்கமும் தலை நிமிர்ந்த வியாபாரம் அது. இதை யாருக்காவது சொல்வதென்றால், கடை வைத்திருந்து மூடுவதா வேண்டாமா என்று தவிக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். என் கோதுமை மாவு மூட்டையையும் விட்டுவிடாதீர்கள். நான் எழுதியபடியே கொடுங்கள்.